ஒரு பொறியும் பல கருவிகளும்: புத்தளக் கரையிற் சிற்றுழவுப் பொறியின் வரலாறு

அரசர் பெயரும் அவர் ஆண்ட ஆண்டும் அறிந்துகொள்வதோடு வரலாற்றுக் கல்வி நிறைவுறுவதில்லை. ஒரு நாட்டு மக்கள் எக்கருவி கொண்டு நிலத்தைத் திருத்தினர், எதனாற் சுமை இழுத்தனர், அக்கருவி மாறியபோது எவர் வாழ்வு மாறிற்று என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே. புத்தளக் கரையைப் பற்றி எழுதுவோர் 1344ஆம் ஆண்டிலே இபன் பதூதா இங்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதைக் கூறுவர். முன்னேச்சரத்தின் தொன்மையைக் கூறுவர். உப்பளங்களின் சிறப்பைக் கூறுவர். தேங்காயும் விறகும் ஏற்றி அக்கரையின் வீதிகளிற் படபடவென ஒலித்துச் செல்லும் இருசில்லு உழவுப் பொறியைப் பற்றி எழுதுவார் மிக அரியர். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொறியின் சிறப்பு யாது? வலுவைத் தருவது ஒன்று. தொழிலைச் செய்யும் கருவிகள் பல. எருதும் அத்தகையதே. காலையிற் கலப்பையிலும் மாலையில் வண்டியிலும் அதனைப் பூட்டினோம். ஆயின் எருது இழுக்க மட்டுமே வல்லது. பொறியோ இழுப்பதோடு சுழற்றவும் வல்லது. 1918ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தனது உழவுப் பொறியொன்றிற் சுழலும் தண்டு ஒன்றைப் புறத்தே நீட்டி, அதன் வலுவைப் பிற கருவிகளுக்கு அளிக்கும் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று முதல் உழவுப் பொறி வெறும் இரும்பு எருதாக இல்லாது, நடமாடும் தொழிற்சாலையாக மாறத் தொடங்கிற்று எனலாம்.

சுழற்சியின் பயனை உழவிலே கண்ட முன்னோடிகளுள் ஒருவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிபர்ட் ஹவார்ட் என்பார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் கில்காண்ட்ரா என்னும் ஊரிலே 1912ஆம் ஆண்டில், இளைஞராயிருந்தபோதே, மண்ணைக் கீறிப் புரட்டுவதற்குப் பதிலாகச் சுழலும் அலகுகளாற் கொத்திப் பொடியாக்கும் முறையை அவர் ஆராய்ந்தார். 1920இல் அதற்கு உரிமம் பெற்றார். மண்வெட்டியின் தொழிலைச் சில்லொன்றின் விளிம்பில் ஏற்றியதே அவர் செய்த புதுமை.

இவ்வாறு தோன்றிய சிறுபொறிகள் ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டின் தேவைக்கேற்ற கருவியைப் பூண்டன. கனடா நாட்டிலே குளிர்காலத்தில் வீதிகளை வெண்பனி மூடிவிடும். ஆர்தர் சிக்கார்ட் என்பவர் 1925இல் அப்பனியை வாரி அப்பால் எறியும் வண்டியொன்றை அங்கு அமைத்தார். முன்புறத்தே சுழலும் திருகு பனியை அள்ளி நடுவே சேர்க்க, விசிறி போன்ற அமைப்பு அதனைக் குழாய் வழியே தொலைவில் வீசும். பின்னாளில் இதே அமைப்பு சிறிய வடிவிலே தோட்டப் பொறிகளின் முகப்பிலும் பூட்டப்பட்டது. வேனிலிற் புல் வெட்டிய பொறி பனிக்காலத்தில் வாயிலைத் துப்புரவு செய்யலாயிற்று. புத்தளக் கரையில் வெண்மையாய்க் குவிவது பனியன்று, உப்பும் கடல்மணலுமே. ஆகவே இங்கு வந்த சிறுபொறி வேறு கருவிகளைப் பூண்டது.

இலங்கையிற் சிறுபொறியின் வரலாறு றே விஜேவர்த்தன என்னும் பொறியியலறிஞரோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடையது. 1924இற் பிறந்து 2010இல் மறைந்த இவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். 1950களிலே, சிறு வயலுக்கேற்றதும் உழவன் பின்னே நடந்து செலுத்தக்கூடியதுமான இருசில்லு உழவுப் பொறியை அவர் உருவாக்கினார். இங்கிலாந்தில் உற்பத்தியாகி, ‘லாண்ட் மாஸ்டர்’ என்னும் பெயருடன் அது வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்குச் சென்றது. அப்பெயர் நம் மக்கள் நாவிலே பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. பின்னாளில் யப்பானிய நிறுவனங்களின் பொறிகள் வந்தபோதும், அவற்றையும் ‘லாண்ட் மாஸ்டர்’ என்றே அழைத்தவர் பலர்.

இப்பொறி பூண்ட கருவிகள் பல. சேற்று வயலில் இறப்பர்ச் சில்லைக் கழற்றி இரும்புச் சட்டச் சில்லைப் பூட்டினர். மேட்டு நிலத்திற் சுழற்கலப்பையைப் பூட்டினர். பின்னே பெட்டியைக் கோத்துத் தேங்காயும் உரமும் ஏற்றினர். அப்பெட்டியிலேயே குடும்பத்தோடு கோயிற் திருவிழாவுக்கும் சென்றனர். எருமை மிதித்துச் சூடடித்த களத்திலும் பொறியின் சில்லு சுழன்றது. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையால் இப்பொறிகள் மேலும் பெருகின. எருமைப் பட்டிகளோ அருகின.

இவ்விடத்து வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. 1960களில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியிலே விஜேவர்த்தன தமது பொறியைப் பற்றி உரையாற்றினார். அப்போது அவர் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையா, அன்றி எருமையை மட்டுமா என்னும் வினா எழுந்தது. அவ்வினாவை அவர் புறக்கணித்திலர். எருமை புல்லைத் தின்று பாலும் எருவும் தந்து தன் இனத்தையும் பெருக்கும். பொறியோ இறக்குமதியான எண்ணெயைக் குடித்துத் தேய்வது. அன்றியும், உழவின் முதன்மையான பயன்களுள் ஒன்று களையை அடக்குதல். அதனை வேறு வழியாற் செய்யக்கூடுமாயின், மண்ணை ஆண்டுதோறும் கிளறுவது எற்றுக்கு? தாம் ஆக்கிய பொறியின் அடிப்படையையே ஐயுற்று ஆராய முற்பட்டமை அவர்தம் அறிவு நேர்மைக்குச் சான்றாகும்.

1970களில் நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், உழாது பயிரிடும் முறையை அவர் வளர்த்தார். சருகு மூடிய நிலத்தின்மேல் உருண்டு சென்று, முனைகளால் மண்ணைத் துளைத்து விதையிடும் எளிய சில்லுக் கருவியை அமைத்தார். அதற்குப் பொறி வேண்டியதில்லை. ஒருவர் தள்ளிச் சென்றாற் போதும். தாயகம் மீண்டபின், சிலாபத்துக்கும் மாதம்பைக்கும் இடைப்பட்ட காக்கப்பள்ளியவிலுள்ள தமது தென்னந்தோட்டத்தையே சோதனைச் சாலையாக்கினார். தென்னை வரிசைகளின் நடுவே கிளிரிசீடியா மரங்களை வளர்த்து, தழையை வெட்டி மண்ணுக்கு உரமாக இட்டார். தண்டை எரிபொருளாகக் கொள்ளும் வழியையும் எடுத்துக்காட்டினார். தேயிலை, இறப்பர், தெங்கு என்பவற்றுக்கு அடுத்து நான்காம் பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசீடியாவை அரசு 2005இல் ஏற்றுக்கொண்டது. ஆக, லாண்ட் மாஸ்டரை உருவாக்கியவரே, அதன் தேவையைக் குறைக்கும் வழியைப் புத்தள மாவட்டத்து மண்ணிலே தேடினார்.

அவர் எதிர்கொண்ட வினா வயலோடு நின்றுவிடவில்லை. கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. உடப்பு முதலாய தமிழ்க் கிராமங்களிலே கரைவலை தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். தோணியில் வலையைக் கொண்டு சென்று கடலில் அரைவட்டமாக வளைத்து, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்றோர் இழுப்பர். பலர் கைகள் ஒருங்கே இயங்கவேண்டுமாதலின், தாளத்தோடு அம்பாப் பாடல் பிறந்தது. ஒருவர் அடியெடுக்க, மற்றையோர் தொடர்ந்து பாடிக் கயிற்றை வலிப்பர். அண்மைக் காலத்தில் உழவு இயந்திரத்திற் சுழலுருளையைப் பூட்டிக் கயிற்றை இழுக்கும் முறை இக்கரைக்கும் வந்துவிட்டது. இழுக்க ஆள் கிடையாமையால் இது இன்றியமையாதது என்பர் ஒரு சாரார். இதனாற் கூலியாளர் பிழைப்பிழப்பர், கடலடி வளமும் கெடும் என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மையுண்டு. இளைஞர் கல்வி கற்றும் வெளிநாடு சென்றும் கரையை விட்டு நீங்குவது கண்கூடு. கயிறு வலித்துப் பங்கு பெற்று அடுப்பெரிக்கும் முதியோர் எஞ்சியிருப்பதும் கண்கூடு. உருளை பத்துப் பேரின் வேலையைச் செய்யும். ஆனால் பத்து வீட்டுக்குப் பங்கு கொடாது.

பொறியைப் பழிப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பனிநாட்டில் முதியோர் ஒருவர் தம் வாயிற் பனியைத் தாமே நீக்க உதவும் கருவி நற்கருவியே. நோயுற்ற தோளினையுடைய உழவனுக்கு லாண்ட் மாஸ்டர் அருந்துணையே. ஆயினும் புதிய கருவியொன்றைப் பூட்டுமுன் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்றுள. நாம் இயந்திரமயமாக்குவது தொழிலையா, தொழிலாளியையா? கருவியால் வரும் ஆதாயம் எவர் கைக்குச் செல்லும்? முன்பு அவ்வேலையைச் செய்தவர் இனி எங்குச் செல்வர்? இவற்றுக்கு விடை காண்பது பொறியியலார்க்கு மட்டும் உரிய கடமையன்று. வரலாறும் பொருளியலும் பயிலும் நம் மாணவர், விடுமுறை நாட்களிலே தத்தம் ஊர்க்களத்திலும் கடற்கரையிலும் முதியோரை அணுகி, எந்த ஆண்டில் எப்பொறி வந்தது, அதனால் எவ்வேலை மறைந்தது என்று கேட்டு எழுதி வைப்பாராக. அரசர் செய்தியைக் கல்வெட்டுகள் காத்துத் தந்தன. கயிறு வலித்தோர் செய்தியைக் காத்துத் தருதற்கு நம்மையன்றி யாருளர்?