பாராமகாலில் கி.பி. 1792

ஓர் ஆண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைநகரங்களிலிருந்தே தொடங்குவர். கி.பி. 1792-ஆம் ஆண்டு இந்திய வரலாற்று நூல்களில் பெறும் இடமும் அத்தகையதே. பிப்பிரவரித் திங்கள் 6-ஆம் நாள் இரவில் கார்ன்வாலிசுப் பிரபுவின் படை சீரங்கப்பட்டணத்தின் புற அரண்களைத் தாக்கியது. அத்திங்களின் இறுதியில் திப்பு சுல்தானின் இளமைந்தர் இருவர் பிணையாளராக ஆங்கிலேயர் பாசறைக்கு அனுப்பப்பெற்றனர். மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் உடன்படிக்கை முற்றுப்பெற்றது. திப்பு தம் நாட்டில் ஏறத்தாழச் செம்பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் உரூபாய் தண்டமும் ஏற்றார். இவற்றோடு அவ்வாண்டு முடிந்துவிட்டதாகவே நூல்கள் அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகின்றன. கும்பினியார் பங்குக்கு வந்த நாடுகள் ஒரு வரியில் அடங்கும்: மலையாள நாடு, திண்டுக்கல், சேலம், பாராமகால். அவ்வரியின் ஈற்றுச் சொல்லுக்குள் அடங்கிக்கிடக்கும் செய்திகளையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இன்றைய தருமபுரி மாவட்டமும், கிருட்டினகிரி மாவட்டத்தின் பெரும்பகுதியும், திருப்பத்தூர், வாணியம்பாடி வட்டாரங்களும் பண்டு பாராமகால் எனப்பட்டன. 'பாரா' என்பது இந்துசுதானியில் பன்னிரண்டு. 'மகால்' என்பதற்கு மாளிகை என்பது ஒரு பொருள். பன்னிரு கோட்டைகளையுடைய நாடாதலின் இப்பெயர் பெற்றது என்பர். அப்பன்னிரண்டும் யாவை என வினவின், கிருட்டினகிரி, சகதேவி, வாணியம்பாடி, திருப்பத்தூர் எனத் தொடங்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று முற்றும் ஒத்துவருவதில்லை. வருவாய்த்துறை வழக்கில் மகால் என்பது வரி தண்டும் வட்டத்தையும் குறிக்கும். ஆதலின், இந்நாட்டின் பெயர் கோட்டையினின்று தோன்றியது என்பதினும், கணக்கேட்டினின்று தோன்றியது என்று கொள்ளுதலே பொருத்தமுடைத்தென்பது நம் கருத்து. தகடூர் என்று சங்கச் சான்றோர் போற்றிய ஊர் கணக்கர் சூட்டிய பெயருக்குள் மறைந்துபோனமை வருந்தத்தக்கதே. ஆயினும் நாம் கூறவிருப்பதும் கணக்கைப் பற்றியதேயாகும்.

தகடூரின் பழைய புகழ் போரால் வந்தது. அதியமான் நெடுமானஞ்சியின் மறத்தை ஔவையார் பாடினார். அவ்வூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டிலோ இந்நாடு போரினின்று ஓய்ந்த காலம் குறைவு. அப்போர்களைப் பாடுவாரும் இல்லை. மலைநாட்டு மைசூருக்கும் கீழ்நாட்டு ஆர்க்காட்டுக்கும் இடையே கணவாய்களின் வாயிலில் இந்நாடு அமைந்ததே அதன் துன்பத்திற்குக் காரணம். 1768-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். ஐதர் அலி விரைவில் மீட்டார். 1790-இல் மீண்டும் ஆங்கிலப் படை நுழைந்தது. திப்பு கணவாய் வழியாக இறங்கிவந்தார். 1791-இல் இராயக்கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாக்சுவெல் என்னும் படைத்தலைவர் பெண்ணாகரத்தைப் பிடித்தார். ஆயின் கிருட்டினகிரியின் மேற்கோட்டை அவர்க்கு வசப்படவில்லை. வாளால் பெறமுடியாத அக்கோட்டை அடுத்த ஆண்டில் உடன்படிக்கைத் தாளால் வந்துசேர்ந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் 1799 வரை மைசூரிடமே இருந்தன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, உடன்படிக்கைக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் காண்போம். புதிதாகப் பெற்ற நாட்டை ஆளும் பொறுப்பைக் கார்ன்வாலிசு சென்னையிலிருந்த குடிமை அலுவலரிடம் ஒப்படைக்கவில்லை. காப்டன் அலெக்சாந்தர் ரீடு என்னும் படை அதிகாரியிடம் ஒப்படைத்தார். அவர்க்குத் துணைவராக லெப்டினன்ட் தாமசு மன்றோ, மக்ளியாடு, கிரகாம் என்னும் மூவரும் படையிலிருந்தே அமர்த்தப்பெற்றனர். இதற்குக் காரணம் அவர்தம் வீரம் அன்று, மொழி. சென்னை அலுவலருள் நாட்டு மொழி அறிந்தவர் அரியர். அவர்கள் துபாசிகளின் வாயாலேயே கேட்டனர். துபாசிகளின் வாயாலேயே பேசினர். இடைநின்ற துபாசி இருபுறத்தும் தன் பங்கை எடுத்துக்கொண்டான். ரீடோ போர்க்காலத்தில் ஒற்றுத்துறையை நடத்தியவர். இலம்பாடி வணிகரின் பொதிமாடுகளைத் திரட்டிப் படைக்குத் தானியம் வருவித்தவர். நாட்டாருடன் நேரே பேசிப் பழகியவர். மன்றோ அவர்க்கு உதவியாயிருந்து தேர்ந்தவர். பாரசீகக் கதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் அளவுக்கு அம்மொழியைக் கற்றவர்.

தமிழ்த்துறை ஆய்விதழில் நிலவரியின் கதை எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். ஆட்சியாளனுக்கு ஆளப்படுவோர் மொழி தெரிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்து, சென்னை மாகாணத்தில் ஓர் ஆணையின் காரணமாக நின்று செயற்பட்டது 1792-இல் இப்பாராமகாலிலேயாம். இதுவே நம் விடை. இதனை மிகைப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. அவ்வதிகாரிகள் முதற்கண் பயின்றவை பாரசீகமும் இந்துசுதானியுமே. தருமபுரிச் சந்தையில் ஒலித்தவையோ தமிழும் தெலுங்கும் கன்னடமும். இம்மூன்றையும் பேசும் உழவரிடையே, மராத்தியும் பாரசீகமும் அறிந்த கணக்கரைத் துணைக்கொண்டே அவர்கள் தொழில் நடத்தல் வேண்டியிருந்தது. இன்றும் நம் ஊர்களில் வழங்கும் சமாபந்தி, கிசுதி, பசலி, தாசில்தார் முதலிய சொற்கள் இக்கலப்பின் எச்சங்களே. இவற்றுட் பல ஆங்கிலேயர்க்கும் முற்பட்டவை. எனினும், அவை நாடோறும் உழவன் வாயில் வழங்கும் சொற்களாக வேரூன்றியது, ஆட்சி அவனோடு நேரே கணக்குப் பார்க்கத் தொடங்கிய பின்னரே என்று கருதுகின்றோம்.

நேரே கணக்குப் பார்த்தல் என்றோம். இஃது எத்துணைப் புதுமை என்பது ஆராயத்தக்கது. ஊர்தோறும் கர்ணத்தின் ஓலையிலும் கடதாசியிலும் குடிகளின் பெயர்கள் முன்பே இருந்தன. ஆனால், அரசு பெரும்பாலும் ஊரோடோ குத்தகையாளனோடோ தொகையைப் பேசி முடித்தது. அதனை ஊருக்குள் பிரித்துக்கொள்வது ஊராரின் பாடு. திப்பு இதனை மாற்ற முயன்றவர். அவர்தம் வருவாய் விதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்று இதே 1792-இல் கல்கத்தாவில் அச்சேறியது. ஏர் வாங்க வகையற்ற குடிக்குத் தக்காவி என்னும் முன்பணம் கொடுக்குமாறும், அலுவலர் குடிகளை ஒறுத்தல் கூடாதென்றும் ஆமில்தார்களுக்கு அவ்விதிகள் பணிக்கின்றன. விதி வேறு, நடப்பு வேறு என்பது உண்மையே. ஆயினும், குடியைப் பேணும் எண்ணம் மேலைக் கடலைத் தாண்டி வந்ததென்று எழுதுவோர் இவ்விதிகளை ஒருமுறை படித்துப்பார்த்தல் நன்று. ரீடு நுழைந்தது வெற்றிடத்தில் அன்று.

1792 சூலையில் 1202-ஆம் பசலி தொடங்கிற்று. அதுவே கும்பினியார் கணக்கில் பாராமகாலின் முதற் பசலி. இரயத்துவாரி முறை அவ்வாண்டிலேயே முழுவடிவில் பிறந்துவிட்டது என்று கூறுவாருளர், அக்கூற்று பொருந்தாது. முதலாண்டின் தீர்வை விரைவில், ஊரளவில் முடிக்கப்பெற்றது. வேறு செய்யவும் வழியில்லை. நிலம் எவ்வளவு, நீர் எங்கே, யாருடையது, என்ன விளையும் என்பன ஒன்றும் அதிகாரிகளுக்குத் தெரியா. தெரியாதென்பதை ரீடு உணர்ந்ததே அவ்வாண்டின் சிறப்பு. பின்னர், நிலத்தை வயல்வயலாக அளக்கும் பணி தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஊராரின் குலங்கள், பயிர்கள், தொழில்கள், சுங்கங்கள் முதலியனவும் எழுதித் தொகுக்கப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசினர் 'பாராமகால் பதிவேடுகள்' என்னும் பெயரால் பகுதி பகுதியாக வெளியிட்டவை அவ்வெழுத்துக்களே. தமிழக ஊர்வாழ்வை ஆராய்வார்க்கு அவை ஒரு சுரங்கம். நம் மாணவர் அவற்றின் பக்கம் மிகுதியும் செல்லாமை ஏனோ அறியோம்.

கிருட்டினகிரியைச் சூழ்ந்த வடபகுதி கிரகாமுக்கும், தென்பகுதி மக்ளியாடுக்கும், தருமபுரியைச் சூழ்ந்த நடுப்பகுதி மன்றோவுக்கும் உரியவாயின. ரீடு திருப்பத்தூரில் தங்கினார். மன்றோ தருமபுரியில் ஏறத்தாழ ஏழாண்டுகள் வாழ்ந்தார். ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்து ஊர் ஊராகச் சென்றார். தங்கிய இடத்தில் தோட்டம் ஒன்று வளர்த்தார். 1799-இல் இந்நாட்டைப் பிரிய நேர்ந்தபோது அவர் எழுதிய மடல்களில் அத்தோட்டத்தின் நினைவும் பிரிவின் வருத்தமும் புலனாகின்றன. அயல்நாட்டார் ஒருவர் தகடூர் மண்ணின்மேல் இத்துணைப் பற்று வைத்ததை நாமும் மறுத்தல் இயலாது.

இங்கே ஒரு முரண்பாடு நம் கருத்தை ஈர்க்கின்றது. பாராமகாலில் இத்தகைய சோதனைக்கு இடமளித்த அதே கார்ன்வாலிசு, 1793 மார்ச்சில் வங்காளத்தில் நிலையான தீர்வையை நிறுவினார். அங்கே நிலம் சமீன்தாருக்கு. இங்கே பேச்சு குடியோடு. ஒருவர் ஆணையின்கீழ், ஓராண்டு இடைவெளியில், இரண்டு இந்தியாக்கள் உருவாகத் தொடங்கின எனலாம். ரீடும் தொடக்கத்தில் நெடுங்காலக் குத்தகையையே எண்ணியிருந்தார். அனுபவமே அவரை மாற்றிற்று. 1796 திசம்பரில் அவர் வெளியிட்ட அறிக்கை, குடிகள் குத்தகையாகவோ ஆண்டுக்காண்டு தீர்வையாகவோ தாம் விரும்பியபடி நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. மன்றோவும் மெல்ல மெல்லவே இம்முறையின் பக்கம் வந்தவர். பிற்காலத்தில் இரயத்துவாரியை 'மன்றோ முறை' என்றே உலகம் அழைத்தது. 1820 முதல் 1827 வரை சென்னையின் கவர்னராயிருந்த அவர்க்குத் தீவுத்திடலின் அருகே குதிரைமேல் அமர்ந்த சிலை உண்டு. ரீடுக்குச் சிலை இல்லை. மாணாக்கன் பெயர் நிலைக்க ஆசிரியன் பெயர் மறைவது நம் தொழிலில் உள்ளார்க்குப் புதிதன்று.

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆனிரை மீட்டு வீழ்ந்த வீரனின் பெயர், அவன் ஊர், அரசனின் ஆட்சியாண்டு ஆகியவற்றை வட்டெழுத்தில் பொறித்து ஊர்ப்புறத்தே நிறுத்திய கற்கள் இவை. ஒரு சிறுகுடியிற் பிறந்தவன் தன் பெயரை அரசன் பெயரோடு ஒரே கல்லில் காண இறத்தல் வேண்டியிருந்தது. பட்டா என்னும் தாள் வேறொரு வகைப் பதிவு. அதில் உழவன் உயிரோடிருக்கும்போதே அவன் பெயர் அரசின் எழுத்தில் ஏறுகின்றது. தீர்வை செலுத்தும்வரை நிலம் அவனிடம் இருக்கும் என்னும் உறுதியும் ஏறுகின்றது. ஆனால், அத்தாளைப் பொற்றாளாகக் காட்டுதல் வரலாறு ஆகாது. ரீடு விதித்த தீர்வை கனமானது என்பது பின்வந்த அலுவலரே ஒப்பிய செய்தி. மேலும், பட்டாவில் பெயர் ஏறாதோர் பலர்: பிறர் நிலத்தில் உழைத்த பண்ணையாட்கள், களை பறித்த பெண்கள், அளவுகோல் எட்டாத மலைப்புனங்களில் தினை விளைத்த மலைமக்கள். நடுகல்லிலும் இடம்பெறாதவர் இவர்கள், பட்டாவிலும் இடம்பெறாதவர். குடியோடு நேரே பேசியது கும்பினி என்று எழுதும்போது, எந்தக் குடி என்னும் வினாவை விட்டுவிடுதல் தகாது.

முறையும் நெடிது நிலைக்கவில்லை. 1799-இல் நான்காம் மைசூர்ப் போர் வர, ரீடும் மன்றோவும் இந்நாட்டை விட்டு நீங்கினர். மேலிடத்தார்க்கு அப்போது வங்காள முறையே உவப்பாயிருந்தது. 1802 முதல் பாராமகாலும் சேலமும் மிட்டாக்களாகக் கூறுபோடப்பெற்று ஏலம் விடப்பட்டன. அளந்து எழுதிய கணக்குகளே ஏலத்தொகை கணிக்க உதவின என்பது கொடிய முரண். மிட்டாதார் பலர் தொகை கட்டமாட்டாது வீழ்ந்தனர். அவர்தம் மிட்டாக்கள் அரசிடம் திரும்பி, இரயத்துவாரி மீண்டும் வந்தது. எஞ்சிய மிட்டாக்கள் 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தால் ஒழிந்தன.

1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருட்டினகிரி அதனினின்று பிரிந்தது. பாராமகால் என்னும் பெயரை இன்று ஊர்களில் வழங்குவார் அரியர். ஆயினும், ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகங்களில் சமாபந்தி நடக்கின்றது. பட்டா மாற்றம் வேண்டி மக்கள் மனுக்களோடு நிற்கின்றனர். ஊர்க் கணக்குகள் பசலி ஆண்டின்படியே சரிபார்க்கப்பெறுகின்றன. கும்பினியார் ஏடுகளில் தருமபுரிக்கு அவ்வரிசை 1202-இல் தொடங்குகின்றது.