பாத்திமா ஏன் அடுத்த ஆட்டம் ஆடவில்லை?

ஒரு சின்னப் பிள்ளை செஸ்ஸில் பெரியவர்களைத் தோற்கடித்துவிட்டால், "இது இன்னும் எவ்வளவு தூரம் போகும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதிலை அந்தப் பிள்ளையின் மூளைக்குள்ளேயே தேடுகிறார்கள். தோழர்களே, 1933இல் நடந்ததைப் பாருங்கள்.

பஞ்சாபின் பெரும் நிலவுடைமையாளர் சர் உமர் ஹயாத் கான் அப்போது லண்டனில் இருந்தார். அவர் அழைத்துப் போன மிர் சுல்தான் கான், சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம் மட்டுமே போகும் இந்திய முறையில் ஆடி வளர்ந்தவர். ஐரோப்பிய விதிகளைப் பிறகுதான் கற்றார். 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையே வீழ்த்தினார்.

அதே வீட்டில் வேலை செய்த இளம்பெண் பாத்திமா. 1932 பிரிட்டிஷ் பெண்கள் போட்டியில் அவருக்கு ஆறாம் இடம். மறு ஆண்டு அதே போட்டியில் 10 வெற்றி, 1 டிரா, ஒரு தோல்விகூட இல்லை! ஒரே ஆண்டில் இந்தப் பாய்ச்சல். இன்னும் நான்கு ஆண்டுகள் ஆடியிருந்தால்? அதைக் கேட்கவே வழியில்லாமல் போனது. எஜமானர் பஞ்சாப் திரும்பினார். பாத்திமாவும் திரும்பினார். அதன்பின் எந்தப் போட்டியிலும் அவர் ஆடவில்லை. சுல்தான் கானும் ஐரோப்பிய மேடைக்கு மறுபடி வரவில்லை. (அவரை அடிமை என்று எழுதுவதை அவர் குடும்பத்தார் மறுக்கிறார்கள், நிலமுள்ள குடும்பம் என்கிறார்கள். இருக்கட்டும். லண்டனுக்கான வாசல் இருவருக்கும் அந்த ஒரே மனிதர்தான்.)

அண்ணல் அம்பேத்கருக்கும் இந்த ஆபத்து வந்தது. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததும், 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த அரசுக்கு வேலை செய்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். பரோடாவில் சாதி அவரைக் குடியிருக்கக்கூட விடவில்லை. ஆனாலும் 1920இல் மீண்டும் கப்பல் ஏறினார். பம்பாய் சிடனம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து சேர்த்த பணம், சாகு மகராஜின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன். படிப்பை முடித்தார். அவர் கையில் சொந்தச் சம்பளம் இருந்தது. அந்த இரண்டாவது பயணம் பாத்திமாவுக்கு அமையவே இல்லை.

2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு சுல்தான் கானுக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்கள் பட்டியலில் 1933க்கு எதிரே "பாத்திமா" என்று ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறது.