பாரம் சுமந்தோர் கண்ட விசுவாசம்

ஒடுக்கப்பட்ட மக்கள் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய வரலாறு பேசப்படும் இடமெல்லாம் ஒரு பழிச்சொல்லும் உடன் பேசப்படுகிறது. கஞ்சிக்கும் அரிசிக்கும் மதம் மாறினர் என்பதே அப்பழி. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பொருத்தமெனக் கருதுகிறோம். அதற்கு, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஓங்கோல் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழ்ந்த மாதிகர் தெலுங்கு பேசுவோர். தோல் தொழிலும் ஊர்ப் பறையடித்தலும் அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்தன. மொழி வேறாயினும் அவர்கள் பட்ட பாடு நம் முன்னோர் பட்ட பாடேயாகும்.

அம்மக்களிடம் கிறிஸ்துவின் செய்தி முதலில் சென்றது அவர்கள் தொழிலின் வழியாகவே. எர்ரகுண்ட்ல பேரய்யா என்னும் மாதிகர் தோல் வணிகர். வணிகத்தின்பொருட்டு வடக்கே சென்றவிடத்தில் அச்செய்தியைக் கேட்டறிந்த அவர், 1866ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றார். தோல் வாங்கச் சென்ற ஊர்களிலெல்லாம் தாம் கண்டதைத் தம் இனத்தாரிடம் எடுத்துரைத்தார். அமெரிக்க பாப்டிஸ்ட் திருச்சபையின் ஊழியரான ஜான் கிளஃப் அவ்வாண்டில்தான் ஓங்கோலில் குடியேறினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் பேரய்யாவின் ஊருக்கு அவர் சென்றபோது, நம்பிக்கை கொண்ட ஒரு கூட்டம் ஏற்கெனவே அங்கே காத்திருந்தது.

இம்மக்கள் தங்கள் விசுவாசத்தை அன்றாட வாழ்வில் மெய்ப்பித்தனர். செத்த மாட்டின் இறைச்சியை இனி உண்பதில்லை என்றனர். திருவிழாக்களில் பறையடிக்க மறுத்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்ய மறுத்தனர். வாரத்தில் ஒருநாளேனும் தம் உடல் தமக்கே உரியது என்று ஓர் அடிமைப்பட்ட இனம் கூறுவது எளிய செயலன்று. அதற்காக அவர்களுக்கு ஊரில் வேலை மறுக்கப்பட்டது, அடியும் விழுந்தது. பஞ்சம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தவை இவை என்பதை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பின்னர் 1876ஆம் ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் மூண்டது. 1878 வரை நீடித்த அக்கொடுமையில் மாகாணமெங்கும் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசின் நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் மட்டுமே கூலியாக வரையறுக்கப்பட்டன. அந்நாளில் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டு வந்தது. அதில் ஏறத்தாழ மூன்றரை மைல் நீளத்தைக் கிளஃப் ஒப்பந்தமாக ஏற்று, பசித்தோர்க்கு வேலையளித்தார். நாட்டுப் போதகர்களே மேற்பார்வையாளராக நின்றனர். பகலில் மண் வெட்டிக் கூடை சுமந்தவர்கள், ஓய்வு வேளையில் அவர்களைச் சூழ்ந்தமர்ந்து வேதம் கேட்டனர். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில், பாரம் சுமப்போரை நோக்கி இயேசு விடுக்கும் அழைப்பே அங்கு மிகுதியாகப் பேசப்பட்டது. பாரம் என்பது கற்றோர்க்கு உவமை. அவர்களுக்கோ அது தலையில் இருந்த மண்கூடை. ஆதலின் அவ்வழைப்பின் பொருள் அவர்களுக்கு விளக்கமின்றியே விளங்கிற்று.

இனிப் பழிச்சொல்லுக்கு வருவோம். பஞ்சம் நிலவிய காலத்தில், ஏறத்தாழ 15 மாதங்கள், கிளஃப் எவருக்கும் திருமுழுக்கு வழங்கப்படாதவாறு நிறுத்தி வைத்திருந்தார். உதவி கருதி எவரும் வந்துவிடலாகாது என்பதே காரணம். 1878ஆம் ஆண்டின் நடுவில் நிவாரணப் பணம் தீர்ந்தது. இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாளன்று, குண்டலகம்மா ஆற்றங்கரையிலுள்ள வெல்லம்பள்ளியில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஆற்றில் இறங்கி அதனை வழங்கியோர் நாட்டுப் போதகர்களே. அரிசிக்காக வந்தவர்களாயின், அரிசி தீர்ந்த பின்னர் ஏன் வந்தனர்?

எனினும் திருமுழுக்கு நீர் சாதியைக் கழுவிவிடவில்லை. மாலரும் மாதிகரும் கிறிஸ்தவரான பின்னும் தனித்தனியே நின்றனர். நம் தமிழகத்துத் திருச்சபைகளிலும் தனி இருக்கைகளும் தனிக் கல்லறைகளும் இருந்ததை நாம் மறைத்தற்கில்லை. அரசும் வேறுபாடு காட்டிற்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இந்து சமயத்தினர்க்கு மட்டுமே வழங்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியிலேயே நிற்கின்றனர். இவ்வாறு சாதியின் துன்பம் தொடர, அதற்குரிய நியாயம் மட்டும் மறுக்கப்படுகிறது.

இளைஞர்காள்! துன்பம் இறைவன் விதித்ததென்று வாளாவிருத்தல் நம் முன்னோர் கண்ட விசுவாசமன்று. உண்ணும் உணவிலும் செய்யும் தொழிலிலும் ஓய்வு நாளிலும் தம் மானத்தை மீட்டதே அவர்கள் கண்ட விசுவாசம். சிலுவையில் அறையுண்டவர் தம்மைப்போல் அடிபட்டவர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், ஆகவே தலைநிமிர்ந்தனர். நம் சங்கம் ஏற்றிவரும் கல்வி விளக்கும் அவ்வழி வந்ததேயாகும். எவரேனும் அப்பழிச்சொல்லை நம் முகத்தில் எறிவாராயின், நாம் நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை. நம் வரலாற்றைக் கற்று, ஆண்டும் இடமும் கூறி விடையளிப்போமாக. மறுக்கப்பட்ட உரிமையையும் அதே துணிவுடன் கேட்போமாக.