ஆசிரியர் மாறினால் பாடம் யாரிடம்? மூடில், கூகுள் கிளாஸ்ரூம்: ஓர் ஒப்பாய்வு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வந்தால் ஆண்டகளூர் கேட்டில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி, பாச்சலில் பொறியியல் கல்லூரிகள், பக்கத்தில் புதுச்சத்திரம். காலை எட்டு மணிக்கு இந்தச் சாலையில் முட்டை லாரிகளோடு போட்டி போடுவது கல்லூரிப் பேருந்துகள்தான். 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் அந்தப் பேருந்துகள் நின்றன. பாடம் மட்டும் நிற்கக் கூடாது என்றார்கள். சில வாரங்களில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், இணையத்தில் பாடம் நடத்த உதவும் இரண்டு தளங்களின் பெயர்கள் புழங்க ஆரம்பித்தன: கூகுள் கிளாஸ்ரூம், மூடில்.

கொரோனா போனது, இவை போகவில்லை. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது காட்ட வேண்டும், இன்டர்னல் மார்க்குக்கு ஆதாரம் வேண்டும், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். இரண்டையும் வசதிப் பட்டியல் போட்டு ஒப்பிட்டு, கடைசியில் "தேவைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்" என்று கை கழுவும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். பாடத்தைத் தயாரித்த ஆசிரியர் மே மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போனால், ஜூனில் அந்த இடத்துக்கு வருபவர் கையில் என்ன இருக்கும்? சுயநிதிக் கல்லூரிகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் இது கற்பனைக் கேள்வி இல்லை.

பிறந்த விதத்திலேயே இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மூடிலை எழுதிய மார்ட்டின் டூகியாமாஸ் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் சிற்றலை வானொலி வழியாகப் பள்ளிப் பாடம் கேட்டவர். பிறகு பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற வணிக மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. அதன் குறைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்த் தானே ஒன்றை எழுதினார். 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் எந்தக் கல்லூரியும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், திருத்தலாம், உரிமத் தொகை கிடையாது. கிளாஸ்ரூமை கூகுள் வெளியிட்டது 2014 ஆகஸ்டில். ஏற்கெனவே இருந்த டிரைவ், டாக்ஸ், ஜிமெயில் ஆகியவற்றை வகுப்புக்கு ஏற்றபடி கோத்துக் கொடுத்த சேவை அது. 2017-இல் தனிநபர் ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களும் வகுப்பு தொடங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒரு பாடத்தை எப்படி அடுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவரின் படைப்பு மூடில். தாள்களைக் கொடுத்து வாங்கித் திருத்தும் சள்ளையைக் குறைக்க வந்தது கிளாஸ்ரூம். பின்னால் வரும் வித்தியாசங்கள் பலவும் இங்கிருந்து கிளம்புபவைதான்.

நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பொதுவாக ஐந்து யூனிட். கிளாஸ்ரூமில் வகுப்பை உருவாக்கி, வரும் குறியீட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் மொத்த வகுப்பும் உள்ளே வந்துவிடும். அன்றைய பிபிடியை ஏற்றலாம், ஒரு அசைன்மென்ட் கொடுக்கலாம், வேலை முடிந்தது. தலைப்பு வாரியாகப் பிரிக்க வழி இருக்கிறது. பிரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பெரும்பாலான வகுப்புகள் அறிவிப்புப் பலகை போல ஆகிவிடுகின்றன. டிசம்பரில் போட்ட இரண்டாம் யூனிட் குறிப்பை ஏப்ரலில் தேடும் மாணவர் விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

மூடில் அப்படி விடாது. பாடத்தைத் திறந்ததுமே மேலே ஒரு பொதுப் பகுதி, கீழே வெற்றுப் பகுதிகள். ஐந்து யூனிட்டுக்கும் பெயர் வைக்கச் சொல்லி அவை காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் எதைப் படித்தால் முடித்ததாகக் கணக்கு, முதல் யூனிட் சோதனையில் எத்தனை மதிப்பெண் எடுத்தால் இரண்டாம் யூனிட் திறக்கும், இன்டர்னல் மார்க்கில் சோதனைக்கு எவ்வளவு, அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு என்று குறிக்க ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கும். முதல் தடவை செய்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் செமஸ்டர் தொடங்கும் முன்பே முழுப் பாடத்தையும் ஒரு முறை மனத்துக்குள் நடத்திப் பார்க்கும் வேலையை அது வாங்கிவிடுகிறது. கிளாஸ்ரூமில் அந்த யோசனை ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது.

உண்மையான இடைவெளி தெரிவது கேள்வித்தாள் தயாரிப்பில். கிளாஸ்ரூமோடு நாம் பயன்படுத்துவது கூகுள் ஃபார்ம். கேள்விகளின் வரிசையைக் கலைக்கும், விடைகளின் வரிசையைக் கலைக்கும், கொள்குறிக் கேள்விகளைத் தானே திருத்தும். ஆனால் எல்லோருக்கும் அதே இருபது கேள்விதான். ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டால் கதை முடிந்தது. கணக்குப் பாடமென்றால் இன்னொரு தொல்லை: விடை 1250 என்று வைத்திருந்தால், நடுவில் காற்புள்ளி போட்டு எழுதிய மாணவருக்கு மதிப்பெண் போய்விடும், எழுத்து எழுத்தாகத்தான் அது ஒப்பிடும்.

மூடிலில் கேள்வி வங்கி தனியாக இருக்கிறது. யூனிட் வாரியாக, கே1 முதல் கே6 வரை என்று நம் ஊர் வினாத்தாள்களில் போடும் அறிவுநிலை வாரியாகப் பிரித்து வைக்கலாம். யூனிட்டுக்கு 50 கேள்வி சேர்த்து வைத்துவிட்டு, "ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு எடு" என்றால் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு தாள் விழும். அதைவிட எனக்குப் பிடித்தது கணக்கீட்டுக் கேள்வி வகை. வணிகக் கணிதத்துக்கு இப்படி ஒன்று எழுதலாம்: முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அறிவித்த நாமக்கல் பண்ணை விலை முட்டைக்கு இத்தனை காசு, அட்டைக்கு 30 முட்டை வீதம் இத்தனை அட்டை, வழியில் உடைந்தது நூற்றுக்கு இத்தனை, கைக்கு வரும் தொகை என்ன? விலை, அட்டை எண்ணிக்கை, சேத விகிதம் மூன்றையும் மாறிகளாக வைத்து, எந்த எல்லைக்குள் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டால் எண்களை மூடிலே மாற்றிப் போடும். விடையில் ஒரு ரூபாய் முன்பின் இருந்தால் ஏற்றுக்கொள் என்றும் சொல்லலாம். பக்கத்து மாணவனின் விடையைக் காப்பியடித்துப் பயனில்லை. கணக்கின் வழியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கட்டுமே, நமக்கும் அதுதானே வேண்டும்!

இதே மூடில் காலை வாரிவிடும் இடமும் சோதனையில்தான் இருக்கிறது. அமைப்புப் பக்கம் முழ நீளம். அதில் "மறுபார்வை" என்றொரு பகுதி வரும். எழுதி முடித்த மாணவர் எதை, எப்போது பார்க்கலாம் என்று குறிக்கும் கட்டங்கள். பார்க்காமல் விட்டால், முதலில் முடித்தவருக்குச் சரியான விடைகள் அப்போதே தெரிந்துவிடும். அடுத்த நிமிடம் அவை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோதனை முடிந்த பிறகே விடை தெரிய வேண்டும் என்று அந்தக் கட்டங்களில் உள்ள டிக்கைக் கவனமாக எடுத்துவிடுவது புது ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம்.

தமிழ்வழி வகுப்புகளுக்கு எழுத்துருத் தலைவலி வேறு. பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் வேர்டு கோப்பாகக் கிடக்கும். அப்படியே வெட்டி ஒட்டினால் மூடிலிலும் சரி, ஃபார்மிலும் சரி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைதான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. கல்லூரி அருகே உள்ள டைப்பிங் கடைகள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஒரு முறை ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிட்டால், மூடிலில் அய்க்கன் என்ற எளிய உரை வடிவில் நூறு கொள்குறிக் கேள்விகளை ஒரே தடவையில் இறக்கலாம். கேள்வி ஒரு வரி, விடைகள் வரிக்கு ஒன்று, கடைசியில் சரியான விடையின் எழுத்து, அவ்வளவுதான். இடைமுகத்துக்குத் தமிழ் மொழிப் பொதி உண்டு, இலங்கைத் தமிழுக்கென்று தனியாகவும் ஒன்று உண்டு.

இதுவரை மூடில் பக்கமே சாய்ந்திருப்பதாகத் தோன்றும். சர்வர் அறைக்குள் போனால் சாய்வு மாறும். மென்பொருள் இலவசம், அதை ஓட்டுவது இலவசம் இல்லை. வாடகை சர்வர் வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் பதிப்பை உயர்த்த வேண்டும், பின்னணி வேலைகளுக்கான கிரான் நின்றுபோனால் மின்னஞ்சல் அறிவிப்பு போகாது. பத்து மணிக்குச் சோதனை என்று அறிவித்தால் முந்நூறு பேர் பத்து மணிக்கு அழுத்துவார்கள். சின்ன சர்வர் மூச்சுத் திணறும். மாணவர்கள் ஏ4 தாளில் கையால் எழுதி, செல்போனில் படமெடுத்து அனுப்புவதுதான் இங்கே அசைன்மென்ட். மூடில் ஓடும் பிஎச்பி-யில் பதிவேற்ற வரம்பு இயல்பாக 2 எம்பி. யாராவது போய் அதை உயர்த்தும் வரை நல்ல கேமரா வைத்திருப்பவரின் தாள் ஏறாது! கிளாஸ்ரூமில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. படத்தை ஏற்றலாம், ஆசிரியர் தன் போனிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பலாம். அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் அதற்கு இணை இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சர்வர் பார்க்க ஆளில்லாத கல்லூரி மூடில் வைத்துக்கொள்வது வீண் வம்பு.

சிக்னல் விஷயத்தில் ஒரு வார்த்தை. கொல்லிமலையில் வீடு உள்ள மாணவருக்குக் கோப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ள முடிவது பெரிய காரியம். இரண்டு செயலிகளிலும் அதற்கு வழி உண்டு. மூடில் செயலியில், ஆசிரியர் அனுமதித்தால், இணையம் இல்லாமலே சோதனையை எழுதி, பிறகு இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பலாம். டேட்டா செலவுக்குத் தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி வீதம் சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இலவச டேட்டா கார்டு அறிவித்தது. இலங்கையில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்கள் பலவும் சொந்த சர்வரில் மூடில் வைத்திருந்தன. அந்த சர்வர்களை அணுக டேட்டா கட்டணம் இல்லை என்று 2020-இல் தொலைபேசி நிறுவனங்கள் விட்டுக்கொடுத்தன. பாடம் நம் சர்வரில் இருந்தால் இப்படிக் கேட்டு வாங்க ஒரு முகவரியாவது இருக்கிறது.

இனி அந்த ஜூன் மாதக் கேள்வி. கிளாஸ்ரூம் வகுப்புக்கு உரிமையாளர் ஓர் ஆசிரியரின் கணக்கு. கல்லூரி, கூகுளின் கல்வித் தளத்தில் பதிந்து ஆசிரியர்களுக்குத் தன் பெயரில் கணக்கு கொடுத்திருந்தால் நிலைமை பரவாயில்லை. போகும் முன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம். அவசரப்பட்டுக் கணக்கை நீக்கிவிட்டாலும் 20 நாளுக்குள் நிர்வாகி மீட்கலாம். 2020-இல் அவசரத்துக்குச் சொந்த ஜிமெயிலில் தொடங்கி அப்படியே பழகிப்போன வகுப்புகளின் கதி வேறு. கல்லூரிக்கு அவற்றின்மேல் எந்தப் பிடியும் இல்லை. இரண்டு ஆண்டு திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023 முதல் கூகுளின் கொள்கையும்கூட. வகுப்பைப் பிரதி எடுக்கலாம்; கேள்விகளோ தனித்தனி ஃபார்ம்களாகச் சிதறிக் கிடக்கும்.

மூடிலில் பாடம் தளத்தில் இருக்கிறது, ஆசிரியர் அதில் ஒரு பொறுப்பு வகிக்கிறார். அவர் பெயரை எடுத்துவிட்டு அடுத்தவர் பெயரைச் சேர்த்தால் எல்லாம் அப்படியே நிற்கும். மாணவர் விவரம் இல்லாமல் முழுப் பாடத்தையும் எம்பிஇசட் என்ற ஒரே கோப்பாகப் பேக்கப் எடுத்து, வேறு மூடில் தளத்தில் விரிக்கலாம். இதில் நிர்வாகம் கவனிக்காத ஒரு நியாயம் உண்டு. ராத்திரி விழித்து முந்நூறு கேள்வி எழுதியவர் ஆசிரியர். அவரும் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோகட்டும். புதுக் கல்லூரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று தெரிந்தால்தான் யாரும் மனம் வைத்து எழுதுவார்கள்.

இரண்டையும் விட்டுவிட்டு ஸ்வயம், என்பிடெல் இணையவழிப் பாடங்களையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2021-இல் யுஜிசி, ஒரு பருவப் பாடங்களில் 40 சதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று அனுமதித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேறொருவர் தயாரித்த பாடம். நம் யூனிட் வரிசைக்கு அது வராது, முட்டைக் கணக்கும் அதில் இருக்காது.

என் கணக்கில், அறிவிப்பும் அசைன்மென்ட்டும் கிளாஸ்ரூமில் ஓடட்டும். ஆண்டுதோறும் திரும்ப வரும் பாடம், குறிப்பாகக் கேள்வி வங்கி, மூடிலில் இருக்க வேண்டும். ஒரு துறை முழுக்கச் சேர்ந்து ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று ஆரம்பித்தால் போதும். கல்லூரியை விட்டுப் போகும் ஆசிரியர் நூலகம், ஆய்வகம், அலுவலகம் என்று சுற்றி நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அவருடைய சான்றிதழ்கள் கைக்கு வரும். அந்தப் படிவத்தில் இன்னொரு வரி சேர்க்கலாம்: பாடத்தின் பேக்கப் கோப்பும் கேள்வி வங்கியும் ஒப்படைக்கப்பட்டன. கையெழுத்து போட வேண்டியவர் மூடிலைப் பார்த்துக்கொள்ளும் எல்எம்எஸ் கோஆர்டினேட்டர். அவரும் ஒரு மே மாதம் இதே படிவத்தோடு வந்து நிற்கலாம் என்பதால், அட்மின் கடவுச்சொல்லின் ஒரு பிரதி முதல்வர் அறை பீரோவிலும் இருக்கட்டும்.