இந்திய உச்ச நீதிமன்றம் உருவான வரலாறும் ஏலமலை எல்லையும்

இந்திய உச்ச நீதிமன்றம் 1950 ஜனவரி 26 அன்று, அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே உருவானது. நாடு முழுவதற்கும் ஒரே தலைமை நீதிமன்றம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைப் பகுதியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மலைக்கு இருபுறமும்

விடுதலைக்கு முன் போடிநாயக்கனூர் சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானம். மாகாணத்தில் எழும் வழக்குகள் 1862-இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து மேல்முறையீடாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கும் செல்லும். திருவிதாங்கூருக்கோ தனி நீதிமன்றங்கள் இருந்தன. இரு அரசுகளுக்கும் பொதுவான நீதிமன்றம் கிடையாது.

இதன் விளைவை முல்லைப் பெரியாற்றில் காணலாம். 1886 குத்தகை ஒப்பந்தப்படி பெற்ற நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு விரும்பியது, திருவிதாங்கூர் எதிர்த்தது. பிரச்சினை நடுவரிடம் சென்றது. நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941-இல் திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

கூட்டாட்சி நீதிமன்றம்

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி, 1937 அக்டோபர் 1 அன்று டெல்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் அமைந்தது. மாரிஸ் குவையர் அதன் முதல் தலைமை நீதிபதி. சமஸ்தானங்கள் கூட்டாட்சியில் சேராததால் அதன் அதிகாரம் ஏலமலையைத் தாண்டவில்லை. அதன் தீர்ப்பின் மீதும் லண்டனுக்கு மேல்முறையீடு செய்யலாம். 1949-இல் இயற்றிய சட்டம் பிரிவி கவுன்சிலின் அதிகாரத்தை நீக்கியது.

உச்ச நீதிமன்றம்

அரசியலமைப்பின் 124-ஆவது பிரிவின்படி அமைந்த உச்ச நீதிமன்றத்தின் தொடக்க விழா 1950 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் நடைபெற்றது. கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிகளே இதன் நீதிபதிகளாயினர். எச். ஜே. கனியா முதல் தலைமை நீதிபதி. அவருக்குப் பின் தமிழகத்தைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி அப்பொறுப்பை ஏற்றார். 1958-இல் நீதிமன்றம் இன்றைய கட்டடத்துக்கு மாறியது.

மாநிலங்களுக்கு இடையிலான வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை 131-ஆவது பிரிவு இதற்கு அளித்தது. 1956-இல் மலைப்பகுதியான தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தபின், இப்பிரிவு இப்பகுதிக்கு முக்கியமானது.

2006-இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. உடனே கேரளச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி 136 அடி என வரம்பிட்டது. தமிழ்நாடு 131-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அத்திருத்தம் அணைக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் செல்லாததாக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இன்று

2004-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியது. தேனி மாவட்ட வழக்குகள் அதன் எல்லைக்குள் வருகின்றன. போடி வணிகர் மதுரைக்கும், மலைமேல் உள்ள ஏலத்தோட்டக்காரர் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்கும் செல்கின்றனர். அதற்கு மேல் இருவருக்கும் ஒரே நீதிமன்றம்தான்.