நிலம் கேட்டு வந்தவர்களின் சர்ச் - சோட்டாநாக்பூர் லுத்தரன் சபையின் கதை

லுத்தரன் சபை என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு முதலில் ஞாபகம் வருவது தரங்கம்பாடிதான். 1706-ல் சீகன்பால்க் கப்பலில் வந்து இறங்கியதும், அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். எங்கள் செஞ்சி இருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்திலும் டேனிஷ் மிஷனிலிருந்து வளர்ந்த ஆற்காடு லுத்தரன் சபை இருக்கிறது. ஆனால் இங்கிருந்து வெகு தூரத்தில், ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இன்னொரு லுத்தரன் சபை இருக்கிறது. பெயர் கோஸ்னர் எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபை. முண்டா, உராவ், காரியா, ஹோ என்ற ஆதிவாசி மக்களின் சபை அது. இன்றைக்கு லட்சக்கணக்கான உறுப்பினர்கள். அதன் கதையைப் படிக்கப் படிக்க, இது மதத்தின் கதையா, நிலத்தின் கதையா என்ற கேள்வி எனக்கு வந்துகொண்டே இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

வழி மாறி வந்த நாலு பேர்

யோஹான்னஸ் கோஸ்னர் (1773-1858) ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர். முதலில் கத்தோலிக்கப் பாதிரியார், பிறகு 1826-ல் புராட்டஸ்டண்ட் ஆனார். பெர்லினில் போதகராக இருந்தபோது, 1836-ல், தன் 63-வது வயதில் ஒரு மிஷன் தொடங்கினார். பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் மிஷனரியாகப் போக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கைத்தொழில் தெரிந்தவர்களை அனுப்பினார். சம்பளத்தை எதிர்பார்க்காமல், போன இடத்தில் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை!

அவர் அனுப்பிய நாலு பேர் 1844 கடைசியில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அவர்கள் போக நினைத்த இடம் வேறு. பர்மா பக்கமா, இமயமலை அடிவாரமா என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கல்கத்தாவில் கூலி வேலை செய்துகொண்டிருந்த கறுத்த, மெலிந்த சில மனிதர்களைப் பார்த்து, இவர்கள் எந்த ஊர் என்று விசாரித்தார்களாம். சோட்டாநாக்பூர் என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் அந்த மலைநாட்டு மக்கள் கல்கத்தாவுக்கும், அங்கிருந்து மொரீஷியஸ் போன்ற தீவுகளுக்கும் கூலிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆக, இந்தச் சபையின் தொடக்கமே ஊரை விட்டுக் கிளம்பிய ஏழைக் கூலிகளிடமிருந்துதான். நாலு பேரும் 1845 நவம்பர் 2-ம் தேதி ராஞ்சி வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த நாலரை வருஷம் பெரியவர்கள் யாரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. மொழி தெரியவில்லை, காய்ச்சல் வேறு. 1850-ல் நாலு உராவ் ஆண்கள் தாங்களாகவே வந்தார்கள். நவீன், கேசவ், பந்து, குரன். இவர்கள் கபீர் வழியைப் பின்பற்றியவர்கள். 'இயேசுவை நேரில் காட்டுங்கள்' என்று கேட்டார்கள், முடியாது என்றதும் கோபித்துக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பி வந்தார்கள் என்று சபையில் சொல்கிறார்கள். 1850 ஜூன் 9-ம் தேதி அந்த நாலு பேருக்கும் ஞானஸ்நானம் நடந்தது. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்த வருஷம் முண்டாக்களும் வந்தார்கள். 1851-ல் அஸ்திவாரம் போட்டு 1855-ல் ராஞ்சியில் பெரிய சர்ச்சைக் கட்டி முடித்தார்கள். 1857 கலகத்தில் ராஞ்சிப் படையினர் கிளர்ந்தபோது மிஷனரிகள் கல்கத்தாவுக்கு ஓடிவிட்டார்கள். சர்ச்சின் மேல் பீரங்கிக் குண்டு விழுந்தது. கிறிஸ்தவர்களான ஆதிவாசிகள் காட்டில் ஒளிந்து பிழைத்தார்கள். மிஷனரிகள் திரும்பி வந்தபோது சபை அழிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிராமம் கிராமமாக மக்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஏன் வந்தார்கள்?

நாங்கள் செஞ்சிக்காரர்கள் வரலாறு பேசினால் கோட்டையைத்தான் பேசுவோம். நாயக்கரிடமிருந்து பீஜப்பூர், அவர்களிடமிருந்து 1677-ல் மராட்டியர், 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய கணக்கு மனப்பாடமாக வரும். ஆனால் அடிவாரத்தில் நிலத்தை உழுதவனுக்கு ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று என்று அந்தக் கணக்கில் இருக்காது. சோட்டாநாக்பூர் கதையை உழுதவன் பக்கமிருந்து பார்த்தால்தான் அது புரியும்.

முண்டாக்களிடம் 'குந்த்கட்டி' என்று ஒரு முறை. காட்டைத் திருத்தி முதலில் ஊரை உண்டாக்கியவர்களின் வம்சத்துக்கே ஊர் நிலம் பொதுவில் சொந்தம். பட்டா, சிட்டா எதுவும் கிடையாது. முன்னோர்களைப் புதைத்த இடத்தில் கிடக்கும் பெரிய பலகைக் கற்கள்தான் பத்திரம். ராஜா வெளியூர்க்காரர்களுக்குக் கிராமங்களை எழுதிக் கொடுத்தார். வந்தவர்கள் ஜாகீர்தார், குத்தகைதாரர் என்று மேலே உட்கார்ந்துகொண்டு வாடகை கேட்டார்கள். கூலியில்லாத கட்டாய வேலையும் வாங்கினார்கள். இந்த வெளியாட்களை ஆதிவாசிகள் 'திக்கு' என்றார்கள். 1831-32-ல் கோல் கிளர்ச்சி வெடித்து அடக்கப்பட்டது. அதற்குப் பிறகு வழக்கு எல்லாம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டில் பேசும் பாஷை ஆதிவாசிக்குத் தெரியாது, எழுதத் தெரியாது, கையில் காகிதமும் இல்லை.

அந்த நேரத்தில் அதிகாரியிடம் நேராகப் பேசக்கூடிய ஒரு வெள்ளைக்காரர் பக்கத்து ஊரில் இருக்கிறார், பள்ளிக்கூடம் நடத்துகிறார், மனு எழுதித் தருகிறார் என்றால் மக்கள் போகத்தானே செய்வார்கள்? 'ஆசை காட்டி மதம் மாற்றினார்கள்' என்று ஒரு பக்கமும், 'ஒளியைக் கண்டு வந்தார்கள்' என்று இன்னொரு பக்கமும் சொல்வார்கள். இரண்டிலுமே வந்த மனிதனுக்குச் சொந்த புத்தி இருந்ததாகத் தெரியவில்லை! அவன் கணக்குப் போட்டுத்தான் வந்தான். தன் நிலத்தைக் காப்பாற்ற ஒரு துணை தேடினான்.

1869-ல் அரசு சோட்டாநாக்பூர் நில உரிமைச் சட்டம் கொண்டுவந்து பழைய நிலங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. ஆனால் 20 வருஷத்துக்குள் பறிபோன நிலத்துக்குத்தான் வழி. அதற்கு முன்னால் போனது போனதுதான். ஆகவே போராட்டம் நிற்கவில்லை. 'சர்தார்' என்று அழைக்கப்பட்ட தலைவர்கள், அவர்களில் பலர் லுத்தரன் கிறிஸ்தவர்கள், வருஷக்கணக்கில் மனு மேல் மனு போட்டார்கள்.

கை விட்ட கணக்கு

இங்கேதான் சிக்கல். ஒரு கட்டத்தில் மிஷனரிகள், 'போன நிலம் திரும்ப வராது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். 1880-களில் சர்தார்கள் மிஷனை விட்டு விலகினார்கள். மிஷனுக்குள்ளும் நிம்மதி இல்லை. கோஸ்னர் 1858-ல் இறந்த பிறகு, மூத்த மிஷனரிகளுக்கும் பெர்லின் கமிட்டிக்கும் ஒத்துப்போகாமல், 1869-ல் சபை உடைந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார்கள். 1885-ல் கான்ஸ்டண்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டு ஜெசூட் பாதிரியார் வந்து நில வழக்குகளில் நேரடியாக உதவி செய்தார். மறுபடியும் கூட்டம் கூட்டமாக லுத்தரன்கள் கத்தோலிக்கர் ஆனார்கள். துணை எங்கே கிடைக்கிறதோ அங்கே போனார்கள்.

எந்தச் சபைக்கும் போகாமல் தனியாகக் கிளம்பிய ஒருவரும் உண்டு. சாயிபாசாவில் இருந்த ஜெர்மன் மிஷன் பள்ளியில் 1886 முதல் 1890 வரை படித்த ஒரு முண்டாப் பையன். ஞானஸ்நானப் பெயர் தாவீது. வீட்டுப் பெயர் பிர்சா. ஆமாம், பிர்சா முண்டாதான்! மிஷனரிகளும் அதிகாரிகளும் ஒரே ரகம்தான் என்ற முடிவுக்கு வந்து பள்ளியை விட்டு வெளியேறினார். தனியாக ஒரு சமய வழியைத் தொடங்கினார். 1899 டிசம்பர் 24, கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் 'உல்குலான்' என்ற பெருங்கிளர்ச்சி ஆரம்பமானது. போலீஸ் ஸ்டேஷனோடு சேர்த்து மிஷன் கட்டடங்கள் மேலும் அம்பு பாய்ந்தது. 1900 ஜனவரியில் டோம்பாரி மலையில் துப்பாக்கிச் சூடு. பிப்ரவரியில் பிர்சா பிடிபட்டார். 25 வயதுகூட நிரம்பாத அவர் ராஞ்சி ஜெயிலில் இறந்த நாள் 1900 ஜூன் 9.

முதல் நாலு பேர் ஞானஸ்நானம் பெற்று அன்றோடு சரியாக 50 வருஷம். தற்செயல்தான். ஆனால் அந்த ஐம்பது வருஷத்தில் மக்கள் நம்பி வந்ததும், ஏமாந்து வெளியேறியதும் இரண்டும் இருக்கிறது. சபையின் வரலாற்றை எழுதுபவர் முதல் தேதியை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான் வரும்.

உல்குலானுக்குப் பிறகு அரசு பயந்து நில அளவை நடத்தியது. 1908-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஆதிவாசி நிலம் வெளியாட்கள் கைக்குப் போகாமல் தடுக்கும் சட்டம் அது. இன்றும் அமலில் இருக்கிறது.

ஓனர் இல்லாமல் போன நாள்

பி.காம். படிக்கிற எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். கம்பெனி நடத்துபவர்கள் திடீரென்று போய்விட்டால் கலைப்பாளர் வந்து கணக்கை முடிப்பார் என்றுதான் நாங்கள் படிக்கிறோம். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன்காரர்கள் எதிரி நாட்டவர். 1915-ல் மிஷனரிகளைப் பிடித்துக் காவலில் வைத்து, பிறகு நாட்டை விட்டு அனுப்பினார்கள். பெர்லினிலிருந்து பணம் நின்றது. ஆங்கிலிக்கன் பிஷப் ஃபாஸ் வெஸ்ட்காட் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். அப்படியே ஆங்கிலிக்கன் சபையோடு சேர்ந்துவிடுவது சுலபமான வழி.

ஆனால் ஆதிவாசிப் போதகர்களும் பெரியவர்களும் வேறு முடிவு எடுத்தார்கள். 1919 ஜூலை 10-ம் தேதி, இனி இது எங்கள் சபை, நாங்களே நடத்துவோம் என்று அறிவித்தார்கள். ஹனுக் தத்தோ லக்ரா தலைவர், பீட்டர் ஹுராத் செயலாளர். 1920-களில் ஜெர்மன்காரர்கள் திரும்பி வந்தபோதும் தலைமை ஆதிவாசிகள் கையில்தான் இருந்தது.

நம்ம ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரங்கம்பாடி வழி வந்த தமிழ் எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபையும் அதே 1919-ல், ஜனவரி 14-ல் உருவானதுதான். ஆனால் அங்கே முதல் மூன்று பிஷப்புகளும் சுவீடன்காரர்கள். முதல் இந்தியர் ராஜா மாணிக்கம் பிஷப் ஆனது 1956-ல். இருநூறு வருஷத்துக்கு மேல் பழமையும், புலவர்களும், காலேஜ்களும் இருந்த தமிழ்ச் சபைக்கு 37 வருஷம் முன்னாலேயே, 'காட்டுவாசிகள்' என்று உலகம் ஒதுக்கிய மக்கள் தங்கள் சபையைத் தாங்களே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்! தமிழர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜெர்மன்காரர்கள் போனதும் இங்கே சுவீடன் மிஷன் கை கொடுத்தது, அங்கே அப்படி எந்த மிஷனும் தலைமையை ஏற்கவில்லை. கூடவே இன்னொன்றும் உண்டு. எழுபது வருஷமாக மனு எழுதி, கூட்டம் போட்டு, வழக்கு நடத்திப் பழகிய மக்களுக்கு ஒரு சபையை நடத்துவது புதிய வித்தை இல்லை.

எல்லாம் சுபம் என்று முடிக்கவும் முடியாது. 1970-களில் முண்டா, உராவ் உரசலில் சபை மறுபடி பிரிந்து, உராவ்கள் அதிகம் உள்ள வடமேற்கு கோஸ்னர் சபை தனியானது. அதன் பிஷப்பாக இருந்த நிர்மல் மிஞ்ச் ராஞ்சியில் 1971-ல் தொடங்கிய கோஸ்னர் காலேஜின் முதல் முதல்வர். குடுக் மொழிக்காகச் செய்த பணிக்கு சாகித்ய அகாதமியின் பாஷா சம்மான் பெற்றவர். 2021-ல் காலமானார். குடுக் என்பது உராவ்களின் மொழி, நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. அவர்கள் பல்லைப் 'பல்' என்றுதான் சொல்கிறார்கள். 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்'. அந்த மொழிக்கு 1900-ல் இலக்கணம் எழுதி வெளியிட்ட ஃபெர்டினாண்ட் ஹானும் ஒரு கோஸ்னர் மிஷனரிதான்.

பிர்சாவின் பிறந்த நாளான நவம்பர் 15-ல், 2000-ம் ஆண்டு ஜார்கண்ட் மாநிலம் பிறந்தது. 2016-ல் அந்த 1908 சட்டத்தைத் தளர்த்த மாநில அரசு மசோதா கொண்டுவந்தபோது, கிறிஸ்தவர், சர்னா என்று பார்க்காமல் ஆதிவாசிகள் எதிர்த்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த திரௌபதி முர்மு 2017-ல் மசோதாவைத் திருப்பி அனுப்பினார்.

செஞ்சிப் பக்கத்தில் இருளர் மக்கள் சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் மனு கொடுத்துவிட்டு ஆபீஸ் வாசலில் காத்திருப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களுக்குத் துணை வரும் கட்சியோ, சங்கமோ, சர்ச்சோ, யாராக இருந்தாலும் சோட்டாநாக்பூர் சொல்லும் பாடம் ஒன்றுதான். வந்தவர்கள் கேட்பது நிலம் என்றால், நிலத்தைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அல்லது ஒரு நாள், நடத்தியவர்கள் போன பிறகு, அந்த வீட்டையே தங்கள் வீடாக்கிக்கொள்வார்கள்.