பழைய கார்: எண்ணெயோடு கூலண்டையும் கவனியுங்கள்

புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்கள் இன்றும் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்து வருகின்றன. எண்ணெய் மாற்றத் தவறாதவர்களும் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிவிடுவதுண்டு. இந்தப் பழக்கமே பின்னர் பெரிய செலவு வைக்கிறது.

எந்த எண்ணெய்?

டப்பாவில் உள்ள ‘10டபிள்யூ-40’ என்பதில் முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையைக் குறிக்கிறது. இரண்டாவது எண், என்ஜின் சூடான பின் அதன் கெட்டித்தன்மையைக் காட்டும். கார் கையேடு கூறும் எண்ணையே தேர்ந்தெடுங்கள். பழைய கார் என்பதற்காக மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றினால், காலையில் என்ஜினை முடுக்கும்போது அது மேல் பாகங்களைச் சென்றடையத் தாமதமாகும்.

விலை உயர்ந்த எண்ணெயைவிட, காலத்தோடு மாற்றுவதே முக்கியம். சாதாரண மினரல் எண்ணெயை 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றலாம். தோட்டத்திலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் காரில் என்ஜின் முழுமையாகச் சூடேறாது. எண்ணெயில் ஈரம் தங்கும். அதனால் ஓடிய தூரம் குறைவு என்று தள்ளிப்போடாதீர்கள்.

தண்ணீர் போதாதா?

குழாய்த் தண்ணீரிலுள்ள தாதுக்கள் படிந்தும் துருப்பிடித்தும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். கூலண்ட் துருவைத் தடுப்பதுடன், நீர் எளிதில் கொதிக்காமலும் பார்த்துக்கொள்கிறது. கலந்தே விற்கப்படும் கூலண்டை அப்படியே ஊற்றலாம். அடர் கூலண்ட் என்றால், டப்பாவில் குறிப்பிட்ட அளவில் காய்ச்சி வடித்த நீரைச் சேர்க்க வேண்டும். நிறம் ஒன்றுபோல் இருந்தாலும் வகை வேறாக இருக்கலாம், கண்டபடி கலக்காதீர்கள்.

வாரந்தோறும் கூலண்ட் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ரப்பர் குழாய், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். கூலண்ட் குறைவதோடு, எண்ணெய் அளவுகோலில் தே தாரேக் போன்ற கலங்கல் தெரிந்தால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். காரை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

வெப்ப முள் ஏறினால்

ஏர்கோனை அடைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினையும் அடைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, ஆறியதை உறுதிசெய்த பிறகே மூடியைத் தொடுங்கள்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் முன், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது காரைச் சமதரையில் நிறுத்தி எண்ணெயையும் கூலண்டையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நெடுஞ்சாலையோரம் பிள்ளைகளோடு வெயிலில் நிற்கும் நிலையைத் தவிர்க்கலாம்.